அப்பாவின் ரெட்டைக்குழலா, புது ரிவால்வரா? எந்தத் தோட்டா?

ஈசிஆர்_வாசி | வெள்ளி, இரவு 10:40

வணக்கம். இஞ்சம்பாக்கத்தில் கடற்கரைக்கு இரண்டு தெரு உள்ளே தனி வீடு. கீழே அப்பா, அம்மா. மாடியில் நான், மனைவி, பத்து வயதுப் பையன். போன மாதம் எங்கள் எதிர் வரிசையில் ஒரு வீட்டுப் பின்பக்க கிரில்லை அறுத்து உள்ளே போயிருக்கிறார்கள். வீட்டுக்காரர்கள் திருப்பதி போயிருந்த இரவு. அன்றிலிருந்து என் மனைவிக்குத் தூக்கம் சரியில்லை. அவளைச் சொல்வானேன், எனக்கும் இல்லை.

அப்பாவிடம் 12 போர் ரெட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று இருக்கிறது. வந்தவாசிப் பக்கம் நிலம் இருந்த காலத்தில் பன்றிக்காகவும் பாதுகாப்புக்காகவும் வாங்கியது. நிலத்தை விற்று இங்கே வந்து ஏழு வருடம் ஆகிறது. லைசென்ஸை ஒழுங்காகப் புதுப்பிக்கிறார், முகவரியும் மாற்றியாச்சு. துப்பாக்கி மட்டும் கீழ் அறை இரும்புப் பெட்டியில் தூங்குகிறது. வருடத்துக்கு ஒருமுறை எண்ணெய் போட வெளியே வரும்.

கேள்வி இதுதான். வீட்டுப் பாதுகாப்புக்கு இதுவே போதுமா, போதும் என்றால் எந்தத் தோட்டா? இல்லை, நானே தனியாக லைசென்ஸ் எடுத்து ஒரு பாயிண்ட் 32 ரிவால்வர் வாங்கவா? அமெரிக்காவில் இருக்கும் மச்சான் '9 எம்எம் பிஸ்டல், ஹாலோ பாயிண்ட் தோட்டா, வேறு எதையும் யோசிக்காதே' என்கிறார்.

நாய் வளருங்கள் என்று ஆரம்பிக்காதீர்கள். பையனுக்கு அலர்ஜி.

பூட்டுக்கடை | வெள்ளி, இரவு 10:52

நாய் வளருங்கள். (அலர்ஜியைப் படித்தேன். கை சும்மா இருக்கவில்லை.)

மூணாவது_மாடி | வெள்ளி, இரவு 10:58

பத்து வயதுப் பையன் இருக்கிற வீடு. அந்த இரும்புப் பெட்டியின் சாவி எங்கே இருக்கிறது?

ஈசிஆர்_வாசி | வெள்ளி, இரவு 11:03

அப்பா பத்திரமாக வைத்திருக்கிறார் மேடம். பையனுக்குத் துப்பாக்கி இருப்பதே சரியாகத் தெரியாது.

ரவைப்பை | சனி, காலை 6:20

முப்பது வருடமாக, பறக்கவிடும் களிமண் தட்டைத் துப்பாக்கியால் சுடுகிறவன் நான். சண்டைக்காரன் இல்லை, விளையாட்டுக்காரன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் மச்சான் சொன்ன 9 எம்எம்மை மறந்துவிடுங்கள். இந்தியாவில் அது தடை செய்யப்பட்ட போர், அதாவது குழல் அளவு. போலீஸ், ராணுவத்தின் சமாச்சாரம். பாயிண்ட் 38, பாயிண்ட் 303 கதையும் அதுதான். சாதாரண ஆளுக்கு லைசென்ஸில் கிடைப்பது பெரும்பாலும் மூன்று: 12 போர் குழல் துப்பாக்கி, பாயிண்ட் 32 ரிவால்வர் அல்லது பிஸ்டல், பாயிண்ட் 315 ரைஃபிள். பாயிண்ட் 22ம் உண்டு, ஆனால் அதை ரேஞ்சுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

315ஐ வீட்டுக்குள் நினைத்தும் பார்க்காதீர்கள். அது வயல்வெளிக்கானது. ஜன்னல் வழியாகப் போனால் எந்தத் தெருவில் நிற்கும் என்று சுட்டவனுக்கும் தெரியாது.

பாயிண்ட் 32 பார்க்க அழகு. கான்பூர் அரசுத் தொழிற்சாலை 2014இல் 'நிர்பீக்' என்று ஒன்றை வெளியிட்டது. அரைக்கிலோ எடை, பெண்களின் கைப்பைக்கு என்று விளம்பரம், அப்போதைய விலை 1 லட்சத்து 20 ஆயிரத்துக்கும் மேல். குட்டைக் குழல், மெலிந்த தோட்டா. நல்ல வெளிச்சத்தில், நடுங்காத கையில், பத்து மீட்டரில் அட்டையில் விழ வைக்கவே புதியவர்களுக்கு மாதக்கணக்கில் பயிற்சி வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கு, கண்ணாடி போடாமல், மாடிப்படியில் நின்றுகொண்டு என்றால் நீங்களே யோசித்துப் பாருங்கள்.

ஆக, கையில் இருக்கும் ரெட்டைக்குழல் ஒன்றும் மட்டமில்லை. 12 போர் என்றால் என்ன தெரியுமா? ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டையாக உருட்டினால் ஒரு உருண்டை எவ்வளவு பருமனோ அதுதான் குழலின் உள் அளவு, சுமார் 18.5 மில்லிமீட்டர். அதனால்தான் எண் சிறுத்தால் குழல் பெருக்கும்.

தோட்டாவுக்குள் இருக்கும் ரவை (ஈயக் குண்டுகள்) அளவு பலவிதம். எல்ஜி என்றால் உள்ளே ஆறு பெரிய குண்டு. எஸ்ஜி என்றால் ஒன்பது வாக்கில். 6ஆம் நம்பர் என்றால் கடுகு மாதிரி இருநூற்றெழுபதுக்கு மேல். நம்ம ஊர்ப் பேப்பரில் 'பால்ரஸ் குண்டு பாய்ந்தது' என்று எழுதுவார்களே, அந்தச் சிறுசுகள்தான்.

இங்கே ஒரு பொய் நம்பிக்கை உண்டு. 'குழல் துப்பாக்கி விசிறி மாதிரி விரியும், குறி பார்க்கவே வேண்டாம்' என்று. வீட்டுக்குள் அது நடக்காது. உங்கள் ஹால் எவ்வளவு நீளம், பதினைந்தடி இருக்குமா? அந்தத் தூரத்தில் மொத்த ரவையும் ஒரு கைமுட்டி அளவுக்குத்தான் விரிந்திருக்கும். குறி தவறினால் முழுசாகத் தவறும், தவறியது சோபாவைத் தாண்டி அடுத்த அறைக் கதவில் இருக்கும். எஸ்ஜி குண்டு பிளைவுட் கதவைக் காகிதம் மாதிரி துளைக்கும். செங்கல் சுவர் தாங்கும், கதவும் ஜன்னலும் தாங்காது. கான்கிரீட்டில் பட்டால் எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்ல முடியாது.

அதனால் தோட்டாவை நான் சொல்வதற்கு முன் நீங்கள் ஒன்று சொல்லுங்கள். உங்கள் மாடிப்படி எந்தச் சுவரைப் பார்த்து இருக்கிறது? அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் யார் படுக்கிறார்கள்?

ஹூஸ்டன்_இட்லி | சனி, காலை 7:05

மச்சான் சொன்னதில் தப்பில்லை, ஊர்தான் தப்பு. இங்கே டெக்சாஸில் எங்கள் வீட்டு உள்சுவர் என்பது அரை அங்குல ஜிப்சம் பலகை, நடுவில் காற்று, இன்னொரு அரை அங்குலப் பலகை. படம் மாட்ட ஆணி அடித்தாலே பயமாக இருக்கும். அதனால் இங்கே தோட்டா விவாதம் முழுக்க 'எதிராளியைத் தாண்டி எவ்வளவு தூரம் போகும்' என்பதில்தான் சுற்றும். ஹாலோ பாயிண்ட் என்றால் முனையில் குழி. உடம்பில் பட்டதும் பூ மாதிரி விரிந்து உள்ளேயே நின்றுவிடும் என்பது கணக்கு. 1986இல் மியாமியில் எஃப்பிஐ ஆட்களுக்கும் இரண்டு கொள்ளையர்களுக்கும் நடந்த சண்டைக்குப் பிறகு அவர்கள் தோட்டாவை, உடம்புத் தசைக்குப் பதிலாக ஜெலட்டின் கட்டியில் சுட்டுச் சோதிக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். 12 முதல் 18 அங்குலம் வரை போக வேண்டும், அதற்குக் குறைந்தாலும் கூடினாலும் மதிப்பெண் குறையும். கடையில் டப்பா மேலேயே அதை எழுதி விற்பார்கள்.

வேடிக்கை என்னவென்றால் அந்த ஹாலோ பாயிண்டே ஜிப்சம் தூள் முனைக் குழியில் அடைத்துக்கொண்டால் விரியாமல் அடுத்த அறைக்குப் போய்விடும். பத்து வருடமாக இந்த விவாதத்தைப் படிக்கிறேன், முடிந்தபாடில்லை.

இஞ்சம்பாக்கத்தில் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர். உங்கள் கேள்வியே வேறு.

கறுப்புக்கோட்டு | சனி, காலை 9:30

எல்லோரும் ரவையை எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள். நான் லைசென்ஸில் எழுதியிருக்கும் பெயரைப் படிக்கிறேன்.

சார், அது உங்கள் அப்பாவின் லைசென்ஸ். துப்பாக்கியை வைத்திருக்கவும் எடுக்கவும் உரிமை அவருக்கு மட்டும்தான். ஒரே வீடு, ஒரே ரேஷன் கார்டு என்பதெல்லாம் 1959ஆம் வருட ஆயுதச் சட்டத்துக்குத் தெரியாது. நீங்கள் அதைக் கையில் எடுத்து ஒரு திருடனை மிரட்டினால், லைசென்ஸ் இல்லாமல் ஆயுதம் வைத்திருந்ததாக உங்கள் மேல் தனி வழக்குப் போட இடமிருக்கிறது. ஆக இந்த வீட்டின் காவலாளி நீங்கள் இல்லை. அப்பாவுக்கு என்ன வயது?

அப்பாவிடமிருந்து முறைப்படி உங்களுக்கு மாற்ற வழி இருக்கிறது. 2016 ஆயுத விதிகளின்படி, வைத்திருப்பவருக்கு 70 வயது ஆகியிருந்தாலோ, 25 வருடம் வைத்திருந்தாலோ, சட்டப்படியான வாரிசுக்கு லைசென்ஸ் கேட்டு விண்ணப்பிக்கலாம். அதற்காகத் தானாகக் கிடைத்துவிடாது, உங்களுக்கும் எல்லா விசாரணையும் உண்டு.

அடுத்து, சுடலாமா என்ற கேள்வி. 2024 ஜூலை 1 முதல் பழைய இபிகோ போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்திருக்கிறது. தற்காப்பு உரிமை 34 முதல் 44 வரையிலான பிரிவுகளில். 41ஆம் பிரிவு, சூரியன் மறைந்ததற்கும் உதிப்பதற்கும் நடுவே வீட்டை உடைத்து நுழைகிறவனிடமிருந்து சொத்தைக் காக்கும்போது உயிர்ச்சேதம் வரைக்கும் உரிமை உண்டு என்கிறது. இதை மட்டும் வாட்ஸப்பில் அனுப்புவார்கள். 37ஆம் பிரிவை யாரும் அனுப்ப மாட்டார்கள். தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது, அரசு அதிகாரியின் உதவியைப் பெற நேரம் இருந்தால் இந்த உரிமையே இல்லை என்று அது சொல்கிறது. சுவர் ஏறி ஓடுகிறவன் முதுகில் சுட்டுவிட்டு 41 என்று கோர்ட்டில் நின்றால் நான் வக்காலத்து வாங்குவேன், ஆனால் ஃபீஸை முன்னாடியே வாங்கிக்கொள்வேன்.

மீசைக்காரன் | சனி, காலை 10:11

சட்டம் பேசி முடிக்கும் வரை திருடன் வெளியே நின்று காபி குடிப்பானா? மலைப்பக்கம் நாட்டுத்துப்பாக்கி நாலு காசுக்குக் கிடைக்கும். ஒன்றை வாங்கி அட்டத்தில் போட்டு வையுங்கள்.

நெறியாளர் | சனி, காலை 10:19

மீசைக்காரன், இது முதல் எச்சரிக்கை. சட்டவிரோத ஆயுதம் வாங்கும் பேச்சு இங்கே வேண்டாம். 2019 திருத்தத்துக்குப் பிறகு லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி வைத்திருந்தால் குறைந்தபட்சம் இரண்டு வருடம், ஐந்து வருடம் வரை. பதிவை மற்றவர்கள் பார்க்கட்டும் என்று விட்டு வைக்கிறேன்.

குடகு_மருமகன் | சனி, காலை 10:40

என் மாமனார் வீட்டில் சுவரில் மாட்டியிருக்கிறது, லைசென்ஸே இல்லாமல். பயப்படாதீர்கள், கொடவர்களுக்கு விலக்கு உண்டு. இப்போதைய விலக்கு 2029 வரை. கைல் போத் பண்டிகையில் துப்பாக்கிக்குப் பூ வைத்துப் பூஜை. கல்யாணமான புதிதில் எனக்கும் ஆசை வந்தது. 'மாப்பிள்ளைக்கு விலக்கு கிடையாது' என்று சொல்லி பன்றிக்கறியைத் தட்டில் வைத்தார்கள். விவாதத்துக்குச் சம்பந்தமில்லைதான், மன்னிக்கவும்.

மாஜி_காக்கி | சனி, மதியம் 1:15

உதவி ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். தம்பிக்கு நடைமுறையைச் சொல்கிறேன்.

சென்னை மாநகருக்குள் துப்பாக்கி லைசென்ஸ் கொடுப்பது காவல் ஆணையர். மாவட்டம் என்றால் கலெக்டர் ஆபீஸ். 2022இல் ஆவடி, தாம்பரம் தனி ஆணையரகம் ஆனதால் உங்கள் ஏரியா எதில் வருகிறது என்று ஸ்டேஷனில் கேட்டுக்கொள்ளுங்கள். விண்ணப்பம் ஆன்லைன். வயது 21 ஆகியிருக்க வேண்டும், மருத்துவச் சான்று வேண்டும், பாதுகாப்பாகக் கையாளப் பயிற்சி எடுத்த சான்று வேண்டும். அப்புறம் ஸ்டேஷன் விசாரணை. 'எதிர் வீட்டில் திருட்டு' என்பதை மட்டும் காரணமாக எழுதினால் விசாரிக்கிறவர் கேட்கப் போகும் முதல் கேள்வி, 'அந்த வீட்டில் கேமரா இருந்ததா, உங்கள் வீட்டில் இருக்கிறதா' என்பதுதான். ஒருவருக்கு அதிகபட்சம் இரண்டு துப்பாக்கி, முன்பு மூன்று. லைசென்ஸ் ஐந்து வருடத்துக்கு.

இன்னொன்று. தேர்தல் வந்தால் ஸ்டேஷனிலோ டீலரிடமோ ஒப்படைக்கச் சொல்வார்கள். 2024 மக்களவைத் தேர்தலில் மார்ச் 16 அறிவிப்பு, ஜூன் 4 எண்ணிக்கை. ஏறக்குறைய மூன்று மாதம். அதற்கப்புறம் உள்ளாட்சி, சட்டமன்றம். உங்கள் காவலாளிக்கு விடுப்பு அதிகம்.

என் சர்வீஸில் பார்த்த வீட்டு உடைப்புகளில் பெரும்பாலானவை ஆள் இல்லாத வீடு. பூட்டு, வாசலில் கிடக்கும் மூன்று நாள் பேப்பர், பால் பாக்கெட், இதைப் பார்த்துத்தான் வருவான். அவன் வரும்போது துப்பாக்கியும் பெட்டிக்குள், நீங்களும் திருப்பதியில். நகையோடு துப்பாக்கியும் போனால் ஸ்டேஷனில் அழப்போவது நகைக்காக இல்லை. ஊருக்குப் போனால் ஸ்டேஷனில் சொல்லிவிட்டுப் போங்கள், ரோந்தில் எட்டிப் பார்ப்பார்கள்.

ஈசிஆர்_வாசி | சனி, மாலை 4:02

எல்லோருக்கும் நன்றி. அப்பாவுக்கு 73. இரண்டு வருடம் முன்பு வலது முழங்காலில் ஆபரேஷன். லைசென்ஸ் அவர் பெயரில் என்றால் அவர்தான் எடுக்க வேண்டும் என்பதை நான் யோசிக்கவே இல்லை. ரவைப்பை சார், மாடிப்படி கீழே இறங்கும்போது நேரே இருப்பது அம்மா அப்பா படுக்கும் அறைக் கதவு. பிளைவுட்தான்.

ரவைப்பை | சனி, மாலை 4:30

அப்போ எஸ்ஜியா எல்ஜியா என்று பேசுவதே வேண்டாம்.

ஒன்று செய்து பாருங்கள். இன்று ராத்திரி சொல்லாமல் கொள்ளாமல், அவர் நன்றாகத் தூங்கும் நேரத்தில் 'சத்தம் கேட்குது' என்று எழுப்புங்கள். அவர் எழுந்து, சாவி எடுத்து, பெட்டியைத் திறந்து, துப்பாக்கியை மடக்கி, இரண்டு தோட்டா போட்டு மூடி, ஹாலைப் பார்த்து நிற்க எவ்வளவு நேரம் என்று போனில் அளந்து பாருங்கள். உண்மையான தோட்டா கூடவே கூடாது. முன்கூட்டியே எடுத்து வெளியே பூட்டிவிட்டு, அந்த இடத்தில் இரண்டு மெழுகுவர்த்தித் துண்டு வையுங்கள். துப்பாக்கி காலி என்பதை அவரே, அவர் கையால், இரண்டு தடவை பார்த்துவிட்டுப் படுக்கட்டும்.

அப்படிச் செய்தால் அவருக்கு முன்பே தெரிந்துவிடும், சொல்லாமல் கொள்ளாமல் என்பது பாதி பொய்யாகிவிடும். பரவாயில்லை, எந்த நேரம் என்று தெரியாதே.

மூணாவது_மாடி | சனி, மாலை 4:44

சாவி எங்கே என்று இன்னும் பதில் வரவில்லை.

ஈசிஆர்_வாசி | ஞாயிறு, காலை 8:55

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அப்பா முதலில் சிரித்தார். 'வந்தவாசில ராத்திரி ரெண்டு மணிக்குக் கண்ண மூடிக்கிட்டு எடுப்பேன்டா' என்றார். சரி என்று ஒப்புக்கொண்டு காலியா என்று பார்த்து, மெழுகுவர்த்தியை வைத்துவிட்டுப் படுத்தார். நான் 2:20க்குப் போய்த் தோளைத் தொட்டு 'அப்பா, பின்னாடி சத்தம்' என்றேன்.

எழுந்து உட்காரவே பத்து நொடி. பிறகு கண்ணாடியைத் தேடினார். கண்ணாடி தலையணைக்குக் கீழே இருந்தது, தலைமாட்டு ஸ்டூலில் தடவிக்கொண்டிருந்தார். ஸ்டூல் மேலிருந்த சொம்பு உருண்டது. அம்மா எழுந்து லைட்டைப் போட்டார். (திருடனுக்கு வசதி.) சாவியை எடுக்கப் பூஜை அறைக்கு நடந்தார். முருகர் படத்துக்குப் பின்னால் ஒரு ஆணியில் தொங்கும், அது எனக்கும் தெரியும். நேற்று அங்கே இல்லை. விசேஷத்துக்கு வீடு சுத்தம் செய்தபோது அம்மா வேறு ஆணிக்கு மாற்றியிருக்கிறார், அம்மாவுக்கே நினைவில்லை. மூன்று பேரும் பூஜை அறை வாசலில் நின்று படங்களைத் தூக்கித் தூக்கிப் பார்க்கிறோம்.

அப்போது மாடிப்படியில் நின்றுகொண்டு பையன் சொன்னான்: 'தாத்தா, துப்பாக்கிப் பெட்டிச் சாவிதானே? லட்சுமி படத்துக்குப் பின்னாடி இருக்கு.'

கடிகாரத்தை நிறுத்த மறந்துவிட்டேன். அதற்கு அவசியமும் இருக்கவில்லை. அப்பா பெட்டியைத் திறக்கவே இல்லை. அப்படியே ஹால் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பையனிடம் 'எப்படித் தெரியும்' என்று நான் சாதாரணமாகக் கேட்கிற மாதிரி கேட்டேன். 'பாட்டி மாத்தி வச்சப்ப பார்த்தேன்' என்றான். திறந்து பார்த்திருக்கிறாயா என்றதற்கு 'ஒரே ஒரு தடவை, தொடல' என்றான். அந்தத் 'தொடல'வை அவன் சொன்ன வேகம் எனக்குப் பிடிக்கவில்லை.

மூணாவது_மாடி மேடம், உங்களுக்குப் பதில் தாமதமாகிவிட்டது.

மூணாவது_மாடி | ஞாயிறு, காலை 9:10

பையனைத் திட்டாதீர்கள். அவன் பார்த்ததை மறைக்காமல் சொன்னதே பெரிய விஷயம். சாவியை இப்போதே இடம் மாற்றுங்கள். படத்துக்குப் பின்னால் இல்லை, உடம்பில்.

பூட்டுக்கடை | ஞாயிறு, காலை 9:25

அண்ணே, இப்போது நான் பேசலாம்தானே. கடை வைத்திருப்பவன் சொன்னால் வியாபாரம் என்று நினைப்பீர்கள், அதனால் எந்தப் பிராண்டும் சொல்லவில்லை.

உங்கள் எதிர் வீட்டில் கிரில்லை அறுத்தார்கள் என்றீர்களே, அறுத்திருக்க மாட்டார்கள். ஈசிஆர் உப்புக்காற்றில் பத்து வருடக் கிரில் சுவரில் புதைந்த இடத்தில் உள்ளே பொடியாகி இருக்கும். மேலே பெயிண்ட் பளபளக்கும், கடப்பாறையை வைத்து ஒரு நெம்பு போதும். உங்கள் பின்கதவு கிரில்லில் சுவர் ஓரம் ஒரு ஸ்க்ரூடிரைவரால் தட்டிப் பாருங்கள். 'டொக்' என்றால் செத்தது, 'டிங்' என்றால் உயிரோடு இருக்கிறது. தாழ்ப்பாள் திருகு எவ்வளவு நீளம் என்றும் கழற்றிப் பாருங்கள். முக்கால் அங்குலத் திருகு கதவுக்கட்டையைக்கூடச் சரியாகப் பிடிக்காது. மூன்று அங்குலத் திருகு கட்டையைத் தாண்டிச் சுவருக்குள் போகும். ஒரு கதவுக்கு நூறு ரூபாய் செலவு.

பின்பக்கம் ஆள் நடமாட்டத்துக்கு எரிகிற விளக்கு. மாடிப்படிக்குக் கீழே உள்ளிருந்து பூட்டுகிற கொலாப்சிபிள் கேட். அவன் கீழே இருக்கட்டும், நீங்கள் மேலே இருந்து 112க்குப் பேசுங்கள்.

கறுப்புக்கோட்டு | ஞாயிறு, காலை 9:41

அப்பாவும் அம்மாவும் கீழே படுக்கிறார்கள் ஐயா. கேட்டுக்கு எந்தப் பக்கம்?

பூட்டுக்கடை | ஞாயிறு, காலை 9:44

ஆமாம். வாபஸ். கீழ் அறைக் கதவை மாற்றுங்கள், தேக்கு அல்லது ஸ்டீல், உள்பக்கம் மேலும் கீழும் தாழ்ப்பாள். அம்மா தலைமாட்டில் எப்போதும் சார்ஜில் ஒரு போன்.

மீசைக்காரன் | ஞாயிறு, காலை 10:30

நேற்று வேகத்தில் எழுதிவிட்டேன். எங்கள் வீட்டில் தாத்தா காலத்து ஏர்கன் ஒன்று பரணில் கிடக்கிறது. அதற்கு லைசென்ஸ் வேண்டுமா?

ரவைப்பை | ஞாயிறு, காலை 10:48

பாயிண்ட் 177 போர், சுடும் சக்தி 20 ஜூலுக்குள் என்றால் வேண்டாம். ஆனால் அது திருடனைக் கோபப்படுத்தத்தான் உதவும், பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கண்ணுக்கு மட்டும் போதுமான பலம் உண்டு. பரணிலிருந்து இறக்கிப் பூட்டி வையுங்கள். சுட ஆசை இருந்தால் எழும்பூரில் சென்னை ரைஃபிள் கிளப் இருக்கிறது, முறையாகக் கற்றுக்கொள்ளலாம்.

ஈசிஆர்_வாசி, பெட்டியில் தோட்டா எத்தனை இருக்கிறது, எந்த வருடத்தது? அதை ஒருமுறை அப்பாவைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஈசிஆர்_வாசி | திங்கள், இரவு 9:15

அப்பா நேற்று மாலை ஹால் மேஜையில் செய்தித்தாளை விரித்துத் தோட்டா டப்பாவைத் திறந்தார். பதினொன்று. புனே கட்கி தொழிற்சாலை சக்திமான், பிளாஸ்டிக் வருவதற்கு முந்தைய காகித உறை. சிவப்பு நிறம் செம்மண் மாதிரி வெளுத்திருந்தது. அடிப்பக்கப் பித்தளையில் பச்சை பூத்திருந்தது, துடைத்தால் விரலில் ஒட்டியது. காகிதம் ஈரத்தில் ஊறி நடுவில் பருத்து, தொட்டால் மெத்தென்று இருக்கிறது. குழலுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாலே தெரிகிறது, இது பாதிகூட உள்ளே போகாது. கட்டாயப்படுத்திப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ரவைப்பை சார்தான் சொல்ல வேண்டும்.

ஏழு வருடமாக இந்த வீட்டில் எங்களைக் காத்தது இந்தப் பதினொன்றுதான்.

அப்பா ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் குழலுக்கு எண்ணெய் போட்டார், வழக்கத்தைவிட நிதானமாக. 'உங்க தாத்தா இத எடுத்துட்டுப் போனா பன்னி வருதோ இல்லையோ, பக்கத்து வயல்காரன் வரமாட்டான்' என்றார். இன்று காலை அவரே அண்ணா சாலைப் பக்கம் உள்ள டீலருக்குப் போன் போட்டுப் பேசினார். துப்பாக்கியை இப்போதைக்கு அங்கே காப்பில் வைப்பது, லைசென்ஸ் முடியும்போது வாங்குவதற்கு லைசென்ஸ் உள்ள ஆள் கிடைத்தால் முறைப்படி விற்பது, இல்லையேல் ஒப்படைப்பது என்று முடிவு. எனக்கு மாற்றச் சொல்லி நான் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை. பழைய தோட்டாவை என்ன செய்வது என்று மாஜி_காக்கி ஐயா சொல்லவும்.

ரவைப்பை | திங்கள், இரவு 9:32

ஊறிய உறையை அழுத்திப் போட்டிருந்தால் ஒன்று, மடக்கிய குழல் மூடாது. இரண்டு, மூடி, பற்றி, ரவை குழலுக்குள் பாதி வழியில் நின்றுவிடும். அதற்குப் பின்னால் அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கும். வேண்டாம் சார். நினைக்கவே வேண்டாம்.

மாஜி_காக்கி | திங்கள், இரவு 9:50

தோட்டாவைக் குப்பையில் போடாதீர்கள், கடலிலும் வீசாதீர்கள், எரிக்கவும் கூடாது. அப்பாவே லைசென்ஸோடு போய் டீலரிடமோ ஸ்டேஷனிலோ எண்ணிக் கொடுத்து, ரசீது வாங்கட்டும். பதினொன்று என்று எழுதியிருந்தால் பதினொன்று இருக்க வேண்டும். துப்பாக்கியை உறையில் போட்டு, காலியாக, காரில் அவரே கூட வரட்டும். நீங்கள் டிரைவர் மட்டும்.

ஈசிஆர்_வாசி | வியாழன், இரவு 8:40

கொடுத்தாச்சு, ரசீது வாங்கியாச்சு. வரும் வழியில் அப்பா திருவான்மியூரில் நிறுத்தச் சொல்லி டிபன் சாப்பிட்டார்.

பின்பக்க கிரில்லைத் தட்டினேன். நான்கு இடத்தில் 'டொக்'. ஞாயிற்றுக்கிழமை வெல்டர் வருகிறார். கதவுத் திருகைக் கழற்றினால் முக்கால் அங்குலம்கூட இல்லை, அரைதான். எதிர் வீட்டுக்காரரும் வந்து பார்த்துவிட்டு அவர் வீட்டிலும் கழற்றிக்கொண்டிருக்கிறார்.

மூணாவது_மாடி | வியாழன், இரவு 8:58

அந்த இரும்புப் பெட்டி?

ஈசிஆர்_வாசி | வியாழன், இரவு 9:04

அம்மா பட்டுப்புடவைகளை அதில் மாற்றிவிட்டார். சாவி அவர் இடுப்பில். எங்கே என்று யாருக்கும் தேட வேண்டியதில்லை, நடந்தால் சத்தம் கேட்கிறது.